நூல் தெரிகிறது

ஏப்ரல் 17
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள். பாம்பன் கரையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. கர்ப்பம் பார்க்கும் அட்டை இன்னொன்று வாங்கிப் பார்த்தேன், இன்றும் இரண்டு கோடு. சின்னவன் பிறந்ததும் கரு தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் போட்ட காப்பர் டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முதல் வருஷத்தில் 100 பேரில் ஒருத்திக்குக்கூடத் தவறாது என்று போடும்போது சொன்னார்கள்.

ஏப்ரல் 18
கம்பி பிள்ளையின் தலையில் குத்தி நிற்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாமியாரோ, "தானா தங்குன பிள்ளை, எதையும் தொட விடாதே" என்கிறார். தூக்கமே இல்லை.

ஏப்ரல் 20
ராமநாதபுரம் போய் ஸ்கேன் எடுத்தோம். காப்பர் டியோடு தங்கும் கரு, கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிவிடும் வாய்ப்பு அதிகமாம், அதனால் முதலில் அதைத்தான் பார்த்தார் டாக்டரம்மா. நல்லவேளை, கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது. ஏழு வாரம். ஒரு புள்ளி துடித்துக்கொண்டே இருந்தது.

"பிள்ளைக்கு ஊனம் வருமா?" என்று கேட்டேன். காப்பர் டி பனிக்குடத்துக்கு வெளியேதான் இருக்கும், செம்பினால் ஊனம் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்றார். பயம் வேறு இடத்தில்தான். அப்படியே விட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கரு கலைந்துவிடுமாம். தப்பினாலும் கிருமி ஏறலாம், பனிக்குடம் முன்னாலேயே உடையலாம், குறைமாதத்தில் பிறக்கலாம். காப்பர் டியை எடுக்கும்போதும் கலையலாம், ஆனால் விட்டுவைப்பதைவிட ஆபத்து குறைவு. "அதைப் பிடித்து இழுக்கும் நூல் இப்போது தெரிகிறது. கர்ப்பப்பை பெரிதானால் மேலே ஏறிவிடும்" என்றார்.

மாமியார் சொன்னது காதில் ஒலித்தது. ஆனாலும் சரி என்றேன்.

இருமச் சொன்னார். இருமினேன். அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். தட்டில் வைத்துக் காட்டினார். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வெள்ளைத் தண்டில் சுற்றியிருந்த செம்புக் கம்பி கறுத்துப் போயிருந்தது. இதை வைத்துக்கொண்டா மூன்று நாள் பயந்தேன்!

மே 6
இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது, அப்புறம் நின்றுவிட்டது. இன்றைய ஸ்கேனிலும் துடிப்பு நன்றாக இருக்கிறது. காய்ச்சல், வயிற்றுவலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். கலையும் பயம் முழுசாகப் போகவில்லை.

அவர் கிழிந்த வலையை மடித்து ஓரமாக வைத்தார். "ஜூன் 14 வரைக்கும் கடல் கிடையாது. ராத்திரி எத்தனை மணியானாலும் எழுப்பு, கிளம்பிருவோம்" என்றார்.