ஹைலக்ஸின் பின் சில்லுப் பிறேக் சூவை இரண்டு தடவை மாற்றினேன்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைக்க நிறுத்தும்போதுதான் முதலில் தெரிந்தது. தார் றோட்டை விட்டுக் கிரவலில் இறங்கி பெடலை மிதித்தேன். வலப்பக்கப் பின் சில்லு மட்டும் இறுகி நிற்க, இடப்பக்கம் உருண்டுகொண்டே போனது. வண்டியின் பின்புறம் ஒரு சாண் விலகியது. பின்னால் மனைவியும் மகளும் இருந்தார்கள்.

வண்டி 90களின் தொடக்கத்து டீசல் டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், நான்கு சில்லு இழுவை. இலங்கையில் 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்ப விட்டார்கள், அதுவரை இந்தப் பழைய வண்டிகளைத்தான் எல்லோரும் கட்டிக் காத்தோம். அதனால் பின் பிறேக் சூவை, அதாவது சில்லோடு சுழலும் ட்ரம்முக்குள் விரிந்து உரசி வண்டியை நிறுத்துகிற வளைந்த துண்டுகளை, நானே மாற்றுவதென்று இறங்கினேன்.

முதல் தவறு கடையில். வண்டியை ஒட்டுசுட்டானில் வீட்டு முற்றத்தில் கட்டை வைத்து உயர்த்திவிட்டு, பஸ் ஏறி மாங்குளம் போய், அங்கே மாறிக் கிளிநொச்சி போனேன். "ஹைலக்ஸ் பின் சூ ஒரு செட்" என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி எந்த ஹைலக்ஸ் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பழையதோடு வைத்துப் பார்த்தால் புதியது ஒரு சுற்றுச் சின்னது. நான்கு சில்லு இழுவை வண்டியின் ட்ரம் உள்விட்டம் 295 மில்லிமீற்றர். அந்தத் தம்பி தந்தது இரண்டு சில்லு இழுவைக்கான 254. மறுநாள் கொண்டுபோனால், "பெட்டி உடைச்சாத் திருப்பி எடுக்க மாட்டம் அண்ணை" என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார். இரண்டு நாளும் காசும் போனது. இன்னும் ஆறவில்லை.

ஆகவே, பழைய சூ ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மேசையில் வைத்து, புதியதை அதன் மேல் அடுக்கிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். வவுனியாவில் நான் அப்படித்தான் வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ட்ரம் கழற்றுவதில் நிறையப் பேர் சுத்தியலால் அடித்து விளிம்பை உடைக்கிறார்கள். ட்ரம்மின் முகத்திலேயே மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கின்றன. துருவைச் சுரண்டிவிட்டு இரண்டு 8 மில்லிமீற்றர் போல்ட்டை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் ட்ரம் தானாக வெளியே வரும். கைப்பிறேக்கை விட்டிருக்க வேண்டும், முன் சில்லுகளுக்குக் கட்டாயம் கட்டை வைக்க வேண்டும். உள்ளே கிடக்கிற கறுப்புத் தூசியைக் கொம்பிறசரால் ஊதாதீர்கள், சூவின் மேல் ஒட்டியிருக்கிற பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். ஸ்பிரிங் எது எங்கே என்று குழம்பினால் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.

கைப்பிறேக் லீவரைச் சூவோடு பிடிக்கிற பிறை வடிவ வாசர் புதுப் பெட்டியில் வராது. பழையதை விரித்துத் திரும்பப் போட்டால் உடையும், தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதோடு, கேபிள் வந்து சேருகிற இடத்தில், ட்ரம்முக்குப் பின்னால் நிற்கிற பின்தகட்டில் சின்ன மடக்கு லீவர் ஒன்று இருக்கிறது. எனக்கு அது துருவேறி அசையவே இல்லை. இந்த வண்டியில் சூவின் இடைவெளியைத் தானாகச் சரிசெய்கிற அமைப்பு கைப்பிறேக் இழுப்பில்தான் நகர்கிறது. அந்த லீவர் இறுகினால், சூ தேயத் தேய பெடல் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒயில் விட்டு, ஒரு இரவு ஊறவைத்து, தட்டித் தட்டி இளக்கினேன்.

சரி, பூட்டியாயிற்று, வண்டியும் நன்றாக நின்றது. இரண்டு கிழமைதான். நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு வரும்போது திரும்பவும் அதே வழுக்கல்.

ட்ரம்மைக் கழற்றினால் இடப்பக்கத்துப் புதுச் சூ இரண்டும் நனைந்து பளபளத்தன. விரலில் தொட்டேன். தடிப்பான எண்ணெய், கூழ்முட்டை நாற்றம். பிறேக் ஒயில் என்றால் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், இது கரையவில்லை. பின் அச்சுக்குள் இருக்கிற டிபரென்சல் ஒயில். முதல் தடவை பழைய சூவைக் கழற்றும்போதே அந்தப் பக்கம் ஈரமாக இருந்தது. நான் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். அங்கே நின்று யோசித்திருக்க வேண்டும்.

ஊர் மெக்கானிக் ஐயாவைக் கூட்டிவந்தேன். அவர் ட்ரம் பக்கம் பார்க்கவே இல்லை. அடியில் படுத்து, அச்சுக் குழாயின் மேல்பக்கத்தைத் தடவிச் சின்ன மூடி ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். குளவி கட்டின கூடு மாதிரி, உள்ளே செம்மண் இறுகிப் போயிருந்தது.

"தம்பி, சூவைப் பாத்தது காணும். இதுதான் மூச்சு விடுற இடம். மாரியில தண்ணிக்குள்ளால ஓடியிருப்பாய், சேறு ஏறி அடைச்சிட்டுது. அச்சு சூடானாக் காத்து எங்கால போறது? ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடதான் வரும்."

மாரியில் எங்கள் வயல் பாதை முழங்கால் தண்ணீர். ஒவ்வொரு வருடமும் அதற்குள்ளால்தான் ஓடுகிறேன். அந்த மூடியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

ஒயிலை அச்சுக்குள் தடுத்து வைக்கிற வளையம்தான் அந்தச் சீல். அதை மாற்ற, பின்தகட்டின் நான்கு நட்டைக் கழற்றி, பிறேக் பைப்பை விலக்கி, அச்சுத் தண்டைத் தகட்டோடு சேர்த்து வெளியே இழுத்தோம். அச்சுக் குழாய்க்குள் இருக்கிற சீலை மாற்ற பெயரிங்கை அழுத்திக் கழற்றத் தேவையில்லை, கராச்சில் யாராவது அப்படிச் சொன்னால் கேள்வி கேளுங்கள். பைப்பின் நட்டு 10 மில்லிமீற்றர். சாதாரணச் சாவி போட்டு மூலையை வழுக்கவிடாதீர்கள், பைப் நட்டுக்கென்றே உள்ள சாவியை இரவல் வாங்கியாவது போடுங்கள். சீலின் விலை சூ செட்டுக்குப் பக்கத்திலும் வராது.

நனைந்த சூவைப் பெற்றோல் ஊற்றி எரித்துத் திரும்பப் போடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஐயா ஒரேயடியாக மறுத்துவிட்டார். லைனிங் குடித்த எண்ணெய் சூடேறும்போது திரும்பக் கசியும். அதே வகையில் இன்னொரு செட் வாங்கினேன்.

கடைசி வேலை பிறேக் பைப்புக்குள் புகுந்த காற்றை எடுப்பது. மகள் பெடலில் இருந்தாள், நான் அடியில் கிடந்தேன். "மிதி... பிடிச்சுக்கொள்... விடு." போத்தலுக்குள் விட்ட குழாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது. இருபதாவது தடவை போல ஒயில் கண்ணாடி மாதிரி இறங்கியது. "அப்பா, இப்ப கல்லு மாதிரி இருக்கு" என்றாள். மேலே பிறேக் ஒயில் குப்பி குறையக் குறைய ஒயில் ஊற்ற மறக்க வேண்டாம், சிந்தினால் உடனே கழுவுங்கள், பெயின்ற் உரிந்துவிடும்.

அன்று பின்னேரம் குளக்கட்டுச் சரிவில் ஏற்றி நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கி நின்றேன். வண்டி அசையவில்லை.

மூச்சு மூடிக்கு இப்போது றப்பர் குழாய் போட்டு, சாமான் ஏற்றுகிற பின் பெட்டியின் மேல் விளிம்பு வரை கொண்டுபோய்க் கட்டியிருக்கிறேன். வலப்பக்கத்துக்கும் ஒரு சீல் வாங்கி வைத்தாயிற்று, மாரிக்கு முன் அதையும் திறப்பேன்.