வேலி வாங்கும் முன் ஒரு கேள்வி
எந்த விலங்கைத் தடுக்கப் போகிறீர்கள்? தோண்டுவதா, தாண்டுவதா, நுழைவதா? கம்பி வாங்குவது அதற்குப் பிறகுதான்.

ஆட்டுக்கு 4 அடி உயரம் பெரும்பாலும் போதும். நாய்க்கு 5, 6 அடி வேண்டும். மானுக்கு 8 அடி. முயல் உயரமாகத் தாண்டாது, சந்துக்குள் நுழையும். அதற்கு அடிப்பகுதி 2 அடிக்காவது 1 அங்குலக் கண்ணி வலை வேண்டும். முள்கம்பி மட்டும் கட்டினால் மாடு நிற்கும். நாயும் பன்றியும் கீழே குனிந்து வந்துவிடும்.

பெரும்பாலான வேலிகள் தோற்பது அடியில்தான். தோண்டும் விலங்கு வேலி ஓரத்தில்தான் மண்ணைப் பறிக்கும். அதனால் வலையின் அடியை வெளிப்பக்கம் மடக்கி, ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையில் படுக்க வைத்து, மேலே மண்ணோ கல்லோ போடுங்கள். பறிக்கும் இடத்திலெல்லாம் கம்பி தட்டுப்படும். நேராக 1 அடி ஆழம் புதைப்பதைவிட இது சுலபம், பலனும் அதிகம்.

கோழிவலையை நம்பாதீர்கள், தயவுசெய்து. அது கோழியை உள்ளே வைக்கும். நாய் பல்லால் கிழித்துவிடும். வெல்டட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) எடுங்கள், வெல்டிங்குக்குப் பிறகு கால்வனைஸ், அதாவது துத்தநாகப் பூச்சு, செய்ததாகப் பார்த்து. இல்லையென்றால் துரு முதலில் இணைப்புகளில்தான் பிடிக்கும்.

கம்பங்களுக்கு இடையே 8 முதல் 10 அடி, மண்ணுக்குள் குறைந்தது 2 அடி. மூலைக் கம்பத்துக்குச் சாய்வு முட்டு கட்டாயம். முட்டு இல்லாமல் வலையை இழுத்துக் கட்டினால் கம்பம் உள்ளே சாயும், வலை தொய்யும்.

கேட்டின் அடியில் 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம்.