ஒரு பையன், 4 விழுக்காடு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரமே மீட்டிங். கணக்கில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போன பள்ளி ஆசிரியர்களை வரிசையாக எழுப்பினார்கள். என் வகுப்பில் 25 பேர், மூன்று பேர் ஃபெயில். 88. "என்ன சார் காரணம்?" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

பாஸ் போட வைக்கும் வித்தை எங்களுக்குத் தெரியாததல்ல. 100 மார்க் தாளில் ஒரு மார்க் கேள்விகள் 14. கடைசியில் வடிவியல் 8, வரைபடம் 8. அதிலேயே 30 வந்துவிடும். பாஸுக்கு வேண்டிய 35-இல் மீதி 5 மார்க்குக்கு முதல் பாடத்துக் கார்ட்டீசியன் பெருக்கல் ஒன்று போதும். தை பிறந்துவிட்டால் காலையும் மாலையும் இதுதான்.

ஒரு மாணவி வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதைப் பார்க்க வேண்டும். மையக்குத்துக்கோடு, நடுப்புள்ளி, அடுத்த வட்டம் என்று கவராயம் ஒரு மயிரிழை பிசகாது. ஒருநாள் சும்மா கேட்டேன்: "தொடுகோடுன்னா என்னம்மா?"

"எட்டு மார்க், சார்."

அவள் 41 எடுத்தாள். என் கணக்கில் வெற்றி.

தோற்ற மூவரில் ஒருவன் ஜூனில் வந்தபோது கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் கால் மணி நேரம் உட்கார வைத்தேன். பொங்கலுக்குள் பின்னம் வந்தது, அப்புறம் வட்டிக் கணக்கு. அவன் அப்பா வாங்கிய கடனுக்கு மாத வட்டி எவ்வளவு என்று தானே போட்டுக் காட்டினான். பரீட்சையில் 29. பட்டியலில் அவன் மைனஸ் 4 விழுக்காடு.

2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு நல்லதுதான். எங்கள் வரிசைப் பட்டியல் மட்டும் நிற்கவில்லை.

அதற்காக எங்களை யாரும் கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வு நெருங்கினால் ஏழாம் வகுப்பின் கணக்குப் பீரியடை எடுத்துப் பத்தாம் வகுப்புக்குக் கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். ஏழாம் வகுப்புக்கு ரிசல்ட் கேட்க யாரும் வருவதில்லையே. மூன்று வருடத்துக்கு முன் அப்படி எடுத்தவன் நான்தான். அந்தப் பையன் அப்போது ஏழில் இருந்தான்.

இதையெல்லாம் மைக்கில் எங்கே சொல்வது? "வரும் வருடம் நூறு விழுக்காடு கொடுத்துவிடுகிறோம், ஐயா" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

துணைத் தேர்வு வருகிறது. அவனை வரச் சொல்லியிருக்கிறேன். நேற்று கவராயம் வாங்கி வந்தான். தொடுகோட்டில் ஆரம்பித்திருக்கிறோம்.