மாஸ்ஃபெட் மாற்றும்போது ஆம்பியரை மட்டும் பார்க்காதீர்கள்

பழுதுக்கு வரும் 12 வோல்ட் இன்வெர்ட்டர்களில் ஐஆர்எஃப்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) எரிந்திருந்தால், பலரும் ஐஆர்எஃப்3205-ஐப் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே 55 வோல்ட். 49 ஆம்பியருக்குப் பதில் 110. (அதுவும் உள்ளே இருக்கும் சிலிக்கானின் கணக்குதான், டிஓ-220 என்ற வெளிக்கூடு 75-க்கு மேல் தாங்காது.) ஆன் ரெசிஸ்டன்ஸ், அதாவது முழுதாகத் திறந்திருக்கும்போது உள்ள மின்தடை, 17.5 மில்லிஓமிலிருந்து 8-ஆகக் குறைகிறது.

நான் முதலில் பார்ப்பது கேட் சார்ஜ், அதாவது மாஸ்ஃபெட்டைத் திறக்க அதன் கேட் முனையில் நிரப்ப வேண்டிய மின்னூட்டம். பழையதில் அதிகபட்சம் 63 நானோகூலம், புதியதில் 146. 50 ஹெர்ட்ஸ் சர்க்யூட்டில் இது பெரிய விஷயமில்லை. பல பத்து கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும் போர்டில், கேட்டை ஓட்டும் டிரைவர் சர்க்யூட் பலவீனமாக இருந்தால், அதனால் அந்தக் கேட்டை வேகமாக நிரப்ப முடியாது. ஒவ்வொரு முறையும் பாதி திறந்த நிலையில் கூடுதல் நேரம் நின்று மாஸ்ஃபெட் சூடேறும்.

அப்புறம், 5 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து நேரடியாக ஓட்டுவதென்றால் இந்த இரண்டுமே வேண்டாம். கேட்டில் 5 வோல்ட் கொடுத்தால் இவை முழுதாகத் திறக்காது. அந்த வோல்ட்டேஜிலேயே நன்றாகத் திறக்கும் ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள்.