ஐசிஎல் போடறதுக்கு முன்னாடி காண்டாக்ட் லென்ஸ ஏன் இவ்ளோ நாள் கழட்டி வைக்கணும்?

ஐசிஎல் (பவர சரி பண்ண கண்ணுக்குள்ளயே வைக்கற லென்ஸ்) பண்ணிக்கப் போறேன்னு சொன்னாலே கண்ணாடி போட்ட ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கேக்கற கேள்வி இது. லேசிக் (லேசர் வச்சு பவர சரி பண்றது) மாதிரி கார்னியாவ, அதாவது கண்ணோட முன்பக்கத்துல இருக்கற தெளிவான படலத்த, செதுக்கப் போறதில்ல, ஓரத்துல ஒரு மூணு மில்லிமீட்டர் வெட்டு, அது வழியா மடிச்ச லென்ஸ உள்ள விட்டு ஐரிஸுக்குப் (கண்ணுல நிறமா தெரியற வளையம்) பின்னாடி, நம்ம சொந்த லென்ஸுக்கு முன்னாடி உட்கார வைக்கப் போறாங்க, கார்னியாவ தொடவே இல்லங்கற மாதிரிதான், அப்புறம் எதுக்கு காண்டாக்ட் லென்ஸ முன்கூட்டியே நிறுத்தணும்? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு.

விஷயம் ஆபரேஷன்ல இல்ல, அதுக்கு முன்னாடி அளவெடுக்கறாங்களே அதுல இருக்கு. உள்ள வைக்கற லென்ஸோட பவர கணக்கு போட கார்னியாவோட வளைவு, தடிமன், முன்னறை ஆழம் (கார்னியாவுக்கும் நம்ம சொந்த லென்ஸுக்கும் நடுவுல இருக்கற இடம்), கண்ணாடி பவர் எல்லாம் எடுத்துக்குவாங்க. இதுல சைஸ் மேட்டர் வேற, அது கண்ணோட அகலத்த வச்சு முடிவாகறது, நாலே நாலு சைஸ்தான் வருது (12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர்), அதுக்கும் நீங்க போட்ட காண்டாக்ட் லென்ஸுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. ஆனா பவரும் சிலிண்டரும் (கண்ணு ஒரு திசைல அதிகமா வளைஞ்சிருக்கறத சரி பண்ற பவர்) அப்படி இல்ல. வருஷக்கணக்கா லென்ஸ் போட்டவங்களுக்கு கார்னியாவுக்கு ஆக்சிஜன் குறைவா போய் லேசா வீங்கியிருக்கும், லென்ஸ் அழுத்தி அழுத்தி வடிவமும் கொஞ்சம் மாறியிருக்கும். இறுக்கமான சாக்ஸ கழட்டினா கால்ல தடம் இருக்கும்ல, அந்த மாதிரி, ஆனா இந்தத் தடம் மறைய மணிக்கணக்கு இல்ல, நாள் கணக்கு, சிலருக்கு வாரக்கணக்கு. அந்தத் தடத்தோட அளவெடுத்தா, வர்ற நம்பர் உங்க கண்ணோடது இல்ல, லென்ஸ் போட்ட கண்ணோடது.

சிலிண்டர் இருக்கறவங்க இத இன்னும் சீரியஸா எடுத்துக்கணும். டோரிக் ஐசிஎல்ல, அதாவது சிலிண்டரையும் சேத்து சரி பண்ற லென்ஸ்ல, ஆக்ஸிஸ்தான் (அது எந்தக் கோணத்துல உட்காருதுங்கறது) எல்லாமே. பத்து டிகிரி தள்ளிப்போனா சிலிண்டர் கரெக்ஷன்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போச்சு, முப்பது டிகிரி போனா லென்ஸ் வச்சும் சிலிண்டருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. லென்ஸ் அழுத்தத்துல வர்ற பொய் சிலிண்டர நிஜம்னு நம்பி ஆர்டர் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

எவ்ளோ நாள்னா, சாதாரண சாஃப்ட் லென்ஸுக்கு பொதுவா ஒண்ணுலேர்ந்து ரெண்டு வாரம், டோரிக் சாஃப்ட்னா ரெண்டு வாரமோ அதுக்கு மேலயோ, ஆர்ஜிபின்னு சொல்ற ஹார்ட் லென்ஸ் போடறவங்களுக்கு மூணு நாலு வாரத்துல ஆரம்பிச்சு அதுக்கும் மேல போகும். ஒவ்வொரு டாக்டர் ஒவ்வொரு கணக்கு சொல்வாங்க, உங்க டாக்டர் சொல்றதுதான் உங்களுக்கு. என்னைக் கேட்டா நாள் கணக்க விட முக்கியம், சில நாள் இடைவெளி விட்டு எடுத்த ரெண்டு அளவு ஒத்துப்போகுதாங்கறதுதான். ஒத்துப்போகலன்னா இன்னும் காத்திருக்கச் சொல்வாங்க, எரிச்சல் வரும், ஆனா அப்படிச் சொல்ற டாக்டர்தான் நல்ல டாக்டர்.

இப்ப கஷ்டமான பகுதிக்கு வரேன், அதாவது சோடாபுட்டி வாழ்க்கை. ஐசிஎல்னு போறவங்க பாதிப்பேர் ஹை பவர் கேஸ்தான், நானும் அதே ஜாதிதான். காண்டாக்ட் லென்ஸ்லயே பழகினவங்களுக்கு திடீர்னு மைனஸ் பத்து கண்ணாடி மாட்டினா உலகமே சுருங்கிடும், நிஜமாவே சுருங்கும், மைனஸ் கண்ணாடி எல்லாத்தையும் சின்னதாக்கித்தான் காட்டும். படி இறங்கறப்ப கால் எங்க வைக்கறதுன்னு ஒரு தயக்கம், பக்கத்துல யாராவது நின்னா தலையத் திருப்பித்தான் பாக்கணும், ஃபிரேமுக்கு வெளிய எல்லாம் வெறும் புகை. நைட்ல வண்டி ஓட்டறத முதல் சில நாளைக்கு நான் தவிர்த்தேன், யாருக்கும் அதையே சொல்வேன். அப்புறம் ஒரு விஷயம், காண்டாக்ட் லென்ஸ் பவர அப்படியே கண்ணாடிக்கு எழுதக் கூடாது. கண்ணாடி கண்ண விட்டு பன்னெண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கறதால மைனஸ் பத்து கண்ணாடிக்கு சமம் ஏறக்குறைய மைனஸ் ஒன்பது லென்ஸ்தான். அதனால லென்ஸ நிறுத்தறதுக்கு முன்னாடியே சரியான பவர்ல ஒரு கண்ணாடி கையில ரெடியா இருக்கான்னு பாத்துக்கோங்க, அலமாரி மூலைல கிடக்கற பழைய கண்ணாடிய நம்பி இறங்காதீங்க.

"ஒரே ஒரு ஃபங்ஷன், ஒரு சாயந்தரம் மட்டும் போட்டுக்கட்டுமா"ன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். போட்டுக்கோங்க, அன்னிலேர்ந்து மறுபடி ஒண்ணுன்னு எண்ணுவோம்னாங்க. போடல. அந்த ஃபங்ஷன் ஃபோட்டோ எதுலயும் என் கண்ணு கடுகு சைஸுக்கு மேல இல்ல.

இன்னொரு டெஸ்ட்டும் எடுப்பாங்க, கார்னியாவோட உள்பக்க செல்கள எண்ணறது. இந்த செல்கள் போனா திரும்ப வளராது, ரொம்ப வருஷம் லென்ஸ் போட்டவங்களுக்கு அதோட சைஸும் வடிவமும் மாறியிருக்க வாய்ப்பிருக்கு. எண்ணிக்கை வயசுக்குத் தேவையான அளவுக்குக் கீழ இருந்தா ஐசிஎல்லே கிடையாது. நாலு நாள் லென்ஸ் நிறுத்தி சரிபண்ற விஷயம் இல்ல இது.

அளவு முடிஞ்சு லென்ஸ் ஆர்டர் போனதும், அது வர்ற வரைக்கும் (டோரிக்னா கொஞ்சம் இழுக்கும்) திரும்ப காண்டாக்ட் லென்ஸ் போடலாமான்னு தனியா கேட்டுக்கோங்க. எனக்கு போடலாம்னு சொல்லி, ஆபரேஷனுக்கு முன்னாடி மறுபடி நிறுத்தச் சொன்னாங்க. ரெண்டாவது தடவை காரணம் வேற, அளவு இல்ல, கிருமி. லென்ஸ் போடறப்ப கண்ணு மேல சின்னச் சின்ன கீறல், வறட்சி, இமை உள்பக்கம் சிவப்பு எல்லாம் வரும், அப்படி இருக்கற கண்ணத் திறந்து உள்ள ஒரு பொருள வைக்க யாரும் விரும்ப மாட்டாங்க. லேசா உறுத்தல் இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க, தேதி தள்ளிப்போனா போகட்டும்.

ஐசிஎல் யோசனைல இருக்கறவங்க ஆஃபர் போட்டிருக்காங்கன்னு ஆறு மாசத்துக்கு லென்ஸ் பாக்ஸ் வாங்கி அடுக்காதீங்க. என்கிட்ட இன்னும் பிரிக்காத பாக்ஸ் கிடக்குது, அதே பவர் உள்ள ஆளைத் தேடிட்டு இருக்கேன்னு எழுதலாம்னு பாத்தா, பவர் ஒத்துப்போனாலும் வளைவு அளவு ஆளுக்கு ஆள் மாறும், குடுக்கவும் முடியாது.