மறைத்து வைத்த மூன்று நாள்

2014 மாசி மாதக் கடைசி. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்து, மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்ச்சலுக்குப் போயிருந்த மாடுகள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை வட்டைகளுக்கு, அதாவது வயல்வெளிகளுக்கு, திரும்பி வந்த நேரம். அறுத்த வயலில் யாருடைய மாடு எது என்று பிரிக்க முடியாதபடி எல்லாப் பட்டியும் ஒன்றாக நிற்கும். என்னுடையது பெரிய பட்டி இல்லை. பசு, நாகு, கன்று எல்லாம் சேர்த்து 23. மாமாவின் பட்டியோடு சேர்த்துத்தான் மேய்த்தோம்.

ஒருநாள் விடிய பால் கறக்கப் போனபோது செவலைப் பசு எழும்பவில்லை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்தது. எதையோ சுவைப்பது போல ‘சப்பு சப்பு’ என்று ஒரு சத்தம். வாயைப் பிளந்து நாக்கைப் பிடித்தேன். மேல்தோல் நனைந்த கடதாசி மாதிரிக் கையோடு உரிந்து வந்தது. அடியில் பச்சைப் புண்ணாகச் சிவந்திருந்தது. முன்காலைத் தூக்கிப் பார்த்தால் குளம்பிடுக்கிலும் கொப்புளம் உடைந்திருந்தது.

கால்வாய் நோய், காலிலும் வாயிலும் புண் வைக்கிற கோமாரி, என்று அந்த நிமிடமே தெரியும். தெரிந்தும் யாருக்கும் சொல்லவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பால் எடுக்க வருகிறவர் கேள்விப்பட்டால் அடுத்த நாளே நிறுத்திவிடுவார். மனைவி எடுத்த நுண்கடனுக்கு ஒவ்வொரு கிழமையும் கட்டவேண்டும், அந்தக் காசு பாலில்தான் வருகிறது. செவலையை மட்டும் தூரத்தில் கட்டிவிட்டால் சரி என்று நினைத்தேன். மாமாவும் அதைத்தான் சொன்னார்: “மருந்து இல்லாத வருத்தத்துக்கு டொக்டர் என்னத்துக்கு மனே? வேப்பிலையைக் கட்டு, அம்மனுக்கு ஒரு பொங்கலை நேர்ந்து வை.”

இரண்டாம் நாள் பின்னேரம், பக்கத்து வளவுத் தம்பியின் பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வந்தது. ஓடினேன். காலை இழுத்துக் கன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதே செருப்பு, அதே சாரம். செவலையின் எச்சில் பட்ட கை. வாய்க்காலில் ஒருமுறை அலசினதோடு சரி. மாட்டை மாடு தொட்டால்தான் ஒட்டும் என்று நினைத்திருந்த காலம் அது.

மூன்றாம் நாள் இன்னும் நான்கு மாடு படுத்தது. 18 லீற்றர் கறந்த இடத்தில் 5 லீற்றரும் தேறவில்லை. அப்புறம்தான் மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போனேன். எத்தனை மாடு, காதடையாள இலக்கம் என்ன, எங்கே மேய்ந்தது, கடைசி ஒரு மாதத்தில் வாங்கியது விற்றது எது என்று வரிசையாகக் கேட்டு எழுதினார்கள். “எப்ப தொடக்கம்?” என்ற இடத்தில் “நேற்று” என்றேன்.

அடுத்த நாள் டொக்டர் வந்தார். செவலையின் நாக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நேற்று வந்த புண் இல்லையே, மூன்று நாலு நாள் இருக்கும்” என்றார். புண்ணின் விளிம்பு ஆறத் தொடங்கியிருப்பதை வைத்து நாள் கணக்குச் சொல்லலாமாம். ஏசவில்லை. தாளில் நான் சொன்ன திகதியை வெட்டிவிட்டு வேறு திகதி எழுதினார். ஏசியிருந்தால் நன்றாயிருக்கும்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிந்த தோலில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். எங்கள் பகுதியில் இருந்து மாடு ஏற்றவோ இறக்கவோ, இறைச்சிக்கு வெட்டவோ கூடாது என்றார்கள். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தடுப்பூசி போடுவதில்தான் சண்டை வந்தது. நோய் வந்த மாட்டுக்குப் போடாமல், சுற்றியுள்ள நல்ல மாடுகளுக்குப் போடப்போவதாகச் சொன்னதும் மாமா கொதித்துவிட்டார். ஊசி நோயை மாற்றாது, வராமல் தடுக்கத்தான். உடம்பு தயாராகவும் நாள் எடுக்கும் என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஆனால் அந்த ஊசி வந்து சேரவே ஒன்பது நாள். அதற்குள் நோய் எத்தனையோ பட்டி தாண்டிவிட்டது. ஒரு டொக்டர், இரண்டு உதவியாளர், காட்டுக்குள் நிற்கிற எருமைப் பட்டிகள் வேறு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் ஒன்பது நாள் ஒன்பது நாள்தான்.

எங்கள் வேலை பராமரிப்பு. காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் வாய் கழுவி, குளம்பைக் கழுவித் துடைத்து வேப்பெண்ணெய் பூசினோம். ஒருநாள் பூசத் தவறினால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வைக்கோலை மெல்ல முடியாது, ஆகவே கஞ்சி. மனைவி பெரிய கிடாரத்தில் காய்ச்ச, நான் மூங்கில் குழாயால் பருக்கினேன். பருக்கும்போது தலையை அதிகம் உயர்த்தக்கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும். கிருமி புகுந்த புண்ணுக்கு டொக்டர் வேறு ஊசி போட்டார், அந்தப் பாலைச் சில நாள் ஊற்ற வேண்டியிருந்தது.

பெரிய மாடுகள் சாகவில்லை. கன்றுகள்தான். வாயில் ஒரு புண்கூட இல்லாத கன்று, காலையில் துள்ளிக்கொண்டு பால் குடித்தது, மத்தியானம் விழுந்து கிடந்தது. சின்னக் கன்றுகளில் இது இதயத்தைத் தாக்குமாம். எனக்கு நான்கு, மாமாவுக்கு பதினொன்று. ஆழமாக வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். தாய்ப்பசு அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

இரவில் வியாபாரிகள் வந்தார்கள். பாதி விலை, கேள்வி கேட்கமாட்டார்கள். சிலர் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, என்னுடையது எழும்பி நடக்கவே முடியாமல் கிடந்தது.

நான் பயந்தபடியே பால்காரர் பால் எடுப்பதை நிறுத்திவிட்டார். இந்த நோய் மனிதருக்கு வருவது மிக அரிது, பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று டொக்டர் சொல்லியும் சனம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் தயிர் போட்டு விற்கிற ஒரு அக்கா நோய் வராத பட்டியின் எருமைப் பாலில்தான் போட்டார், அதுகூட விலைப்படவில்லை. சட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேசன் வேலைக்குக் கல் தூக்கப் போனார். மனைவியின் தோடு அடகுக்குப் போனது.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு மண்முனைப் பாலம் திறந்தார்கள். அதுவரை ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். ஊரே பாலம் பார்க்கப் போனது. எங்களால் ஒரு கன்றைக்கூட அந்தப் பாலத்தால் கொண்டுபோக முடியவில்லை. தடை எடுபட எட்டுக் கிழமை ஆனது.

செவலை பிழைத்தது, ஆனால் பழைய செவலை இல்லை. மயிர் நீண்டு சடையாக வளர்ந்தது, பத்து மணி வெயிலுக்கே நாய் மாதிரி இளைக்கும். பால் ஒரு லீற்றரைத் தாண்டவில்லை.

பக்கத்து வளவுத் தம்பியின் பட்டிக்கு நோய் வந்தது, நான் போய்வந்து ஆறாம் நாள். நான் இழுத்து எடுத்த கன்றுதான் அங்கே முதலில் செத்தது. வட்டையில் ஒட்டியிருக்கும் என்றுதான் அவர் இன்றுவரை சொல்கிறார். இருக்கலாம். நான் மறுத்துப் பேசியதில்லை.

போன வருடம் அவருடைய பசு ஒன்றுக்கு எச்சில் வடிந்திருக்கிறது. முதல் போன் எனக்குத்தான். “அண்ணன், ஒருக்கா வந்து பாருங்க.”

“நான் வரல்ல, டொக்டருக்கு எடு” என்றேன்.

கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். டொக்டர் போய்ப் பார்த்தால் நாக்கில் ஒரு ஈச்சமுள்.