கனவை யாரிடம் சொல்கிறாள்?

முற்பிறப்பு, கனவு, ஒட்டாத தாம்பத்தியம் மூன்றையும் வைத்து நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்திலேயே மனைவிக்குக் கனவு, கனவில் பழைய பிறவி, அதனால்தான் கணவனோடு ஒத்துப்போகவில்லை என்று விளக்கம். மிச்சப் பக்கங்களில் வாசகருக்கு என்ன வேலை?

சிலப்பதிகாரத்தில் காதை (அத்தியாயம்) எண்களை மட்டும் குறித்துப் பாருங்கள். கண்ணகியின் கனவு 9, கோவலன் கொலை 16, அவன் முற்பிறப்பு தெரிவது 23. கனவு வரப்போவதைக் காட்டி மிரட்டுகிறது. பிறவிக் கதையோ எல்லாம் முடிந்தபின் கணக்குச் சொல்ல வருகிறது.

கனவும் நீளமில்லை, பத்து அடி அளவுதான். கணவன் கைபிடித்து ஒரு பெரிய ஊருக்குள் போனோம், தேளை எடுத்து மேலே போட்டதுபோல் ஒரு பழி, அரசன்முன் வழக்குரைத்தேன், அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு வந்தது. அதற்குமேல் சொல்லமாட்டேன், கேட்டால் சிரிப்பாய் என்று நிறுத்திக்கொள்கிறாள். ஊருக்குப் பெயரில்லை, புகைமூட்டம் இல்லை. சொல்லாமல் விட்ட பாதிதான் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

இதைக் கேட்பவள் தோழி தேவந்தி. அந்தப் பேச்சு முடிவதற்குள் கோவலன் வீட்டு வாசலில் நிற்கிறான். செல்வம் தொலைத்தது நாணம் தருகிறது என்கிறான். கண்ணகி புன்னகையோடு 'சிலம்பு உள, கொண்ம்' என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு! கனவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பின்னால் 15ஆம் காதையில் கோவலனுக்கும் கெட்ட கனவு. அவன் சொல்வது மாடலன் என்ற அந்தணனிடம். இரண்டு பேர், இரண்டு கனவு, இரண்டுமே வேறு காதில். அந்த மணவாழ்க்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக விவரித்தாலும் இவ்வளவு தெரியாது.

பிறவிகளை இணைக்க ஒன்றிரண்டு முடிச்சுப் போதும். கலிங்கத்துப் பரதனாக இருந்தபோது வணிகன் சங்கமனை ஒற்றன் என்று பொய்சொல்லிக் கொல்லவைத்தவன் கோவலன். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அலைந்து, சாபமிட்டு உயிர்விட்டாள். கண்ணகியும் 14 நாள் கழித்தே, இறந்த கணவனைத் தேவ வடிவில் காண்கிறாள். பொய்ப்பழியும் அந்த எண்ணும்தான் இணைப்பு. மச்சம், ஒரே முகம், ஒரே பெயர் என்று அடுக்கத் தொடங்கினால் துப்பறியும் கதையாகிவிடும்.

இன்னொன்று: பரதன் கதை கொலைக்குத்தான் காரணம் சொல்கிறது. மாதவியிடம் போனதற்கு அங்கே எந்தச் சாக்கும் இல்லை. அது இந்தப் பிறவியில் கோவலன் செய்தது.